ஒரகடத்தில் வேலை, திருநகரில் வீடு

போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல் சித்தி மகன் போன் செய்தான். முப்பத்திரண்டு வயது. மதுரைப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான். ஒரகடத்திலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அண்ணே, வருஷத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம்ங்கிறாங்க. மெட்ராஸுக்குப் போயிரவா, இங்கனயே கிடக்கவா?"

2012-ல் சென்னைக்குப் போய், பதினோரு வருஷம் இருந்துவிட்டு, 2023-ல் மதுரைக்குத் திரும்பியவன் நான். போனதற்கும் வருத்தப்பட்டதில்லை, திரும்பியதற்கும் வருத்தப்பட்டதில்லை. அதனால் சொந்தத்தில் யாருக்காவது ஊர் மாறுகிற யோசனை வந்தால் எனக்குப் போன் வரும். அவனிடம் பேசியதையும், பேசிய பிறகு நோட்டில் போட்டுப் பார்த்த கணக்கையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் அவனுக்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அவன் போகப்போவது சென்னைக்கே இல்லை. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டம். அவன் வீடு பார்க்க நினைக்கிற தாம்பரம், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். தாம்பரம் 2021-லிருந்து தனி மாநகராட்சி. மெரினா, தி.நகர், மெட்ரோ ரயில் எல்லாம் அவன் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. ஒரகடத்து வேலைக்காரனுக்கு வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் கம்பெனி பஸ்ஸும்தான் சென்னை. மெரினாவை வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்த்தால் அதிகம், அதுவும் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்.

சொல்லப்போனால் "சென்னைக்குப் போவது" என்று ஒற்றை முடிவு கிடையாது. படப்பையில் குடியிருந்தால் கம்பெனி பக்கம், வாடகை குறைவு, ஆனால் மனைவிக்கு வேலையும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் குறைந்த தேர்வுக்குள்தான். தாம்பரம், சேலையூர் என்றால் நடு. மின்சார ரயில் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் தூங்கிக்கொண்டே போகலாம். வேளச்சேரி என்றால் நகரம் கிடைக்கும், அப்பா கிடைக்க மாட்டார். காலையில் பிள்ளை எழும்புமுன் பஸ் ஏறி, ராத்திரி அது தூங்கின பிறகு வந்து சேருவார். சம்பளம், வாடகை எல்லாவற்றையும்விட வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே உள்ள தூரம்தான் நீங்கள் எந்த ஊரில் வாழ்கிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. பதினோரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இதுதான்.

சரி, பணத்துக்கு வருவோம்.

இப்போது அவன் கைக்கு மாதம் 31,000 வருகிறது. மனைவி ஒரு தனியார் பள்ளியில் டீச்சர், 13,000. மதுரை திருநகரில் சித்தியின் சொந்த வீடு, மாடியில் இவர்கள் இருக்கிறார்கள், வாடகை இல்லை. ஆக 44,000. ஆஃபர் லெட்டரில் உள்ள 7,20,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 60,000 என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அது சி.டி.சி., அதாவது அவனுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அவன் பங்கு பி.எஃப். வேறு பிடிப்பார்கள். பிரித்துப் பார்த்ததில் கைக்கு வருவது சுமார் 51,000. அப்போதும் இருபதாயிரம் கூடத்தான்.

குடும்பத்தோடு போனால் என்ன ஆகும்? தாம்பரம் சுற்றில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு 14,000 என்று வைத்தேன். மெயின்டனன்ஸ், கேன் தண்ணீர், மோட்டார் கரண்ட் என்று ஒரு 1,500. மிச்சம் 35,500. மனைவியின் 13,000 போய்விட்டது, ஏனென்றால் போன உடனே அவளுக்கு வேலை கிடைக்காது. ஆக, இருபதாயிரம் சம்பள உயர்வோடு ஊர் மாறி, முதல் வருஷம் மாதம் 8,500 குறைவாக வைத்துக்கொண்டு வாழப்போகிறார்கள். அங்கே அவளுக்கு 15,000-க்கு ஒரு பள்ளியில் வேலை கிடைத்த பிறகு மொத்தம் 50,500. இப்போதைவிட 6,500 கூட. அதில் பள்ளிக் கட்டணத்தின் வித்தியாசமும், தீபாவளி, பொங்கல், சொந்தத்தில் கல்யாணம் என்று ஊருக்கு வந்து போகிற செலவும் சேர்ந்தால் சமமாகிவிடும்.

இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்ப எதுக்குண்ணே எல்லாரும் போறாங்க?" என்றான்.

நல்ல கேள்வி. முதல் வேலைக்காக நகரத்துக்குப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள் என்பது என் அபிப்பிராயம். நகரம் தருவது இரண்டாவது வேலையை. அவன் சி.எம்.எம். என்கிற அளவெடுக்கும் மெஷினை இயக்குகிறவன், மைக்ரான் கணக்கில் அளந்து பாஸ், ரிஜெக்ட் சொல்கிற வேலை. மதுரை வட்டாரத்தில் அந்த மெஷின் உள்ள கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் ஆள் மாறுவது அபூர்வம். சம்பளம் கூட்டிக் கேட்கப் போனால் மேனேஜர் சிரிப்பார். எங்கே போய்விடுவான் என்று அவருக்குத் தெரியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, மறைமலைநகர் வட்டத்தில் கதை வேறு. கார், பைக் கம்பெனிகளையும் அவற்றுக்குப் பாகம் கொடுக்கிறவர்களையும் சேர்த்தால் அவன் வேலைக்கு எத்தனையோ கதவு. மூன்று வருஷ அனுபவத்தோடு பக்கத்து கேட்டுக்குள் நுழைந்தால் அங்கேதான் உண்மையான சம்பள உயர்வு. வீடு மாற வேண்டாம், பிள்ளையின் பள்ளிக்கூடம் மாற வேண்டாம். ஊரில் வேலை மாறுவது என்றால் பெரும்பாலும் ஊரே மாறுவதுதான்.

கம்பெனிகள் அங்கேயும் மூடும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் வந்து 2014-ல் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. பெரிய பெயர் என்பதற்காக யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் இப்படி ஒரு சின்னக் கம்பெனி மூடியபோது எங்கள் மாடியில் குடியிருந்தவர் நாலு மாதத்தில் இன்னொரு இடத்தில் சேர்ந்துவிட்டார். அந்த நாலு மாதமும் அவர் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்க்கொண்டுதான் இருந்தார், அது வேறு கதை. மதுரையில் அதே ஆள் அநேகமாக மாமனாரின் கடையில் உட்கார்ந்திருப்பார். தம்பியிடம் ஒன்றை மட்டும் ரெண்டு முறை கேட்டேன்: கம்பெனி ரோலிலா, காண்ட்ராக்ட்டிலா? ரோல் என்றான். காண்ட்ராக்ட் என்றிருந்தால் இவ்வளவு நீளப் பேச்சே தேவைப்பட்டிருக்காது, இரு என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன்.

ஆக, உங்கள் தொழிலுக்கு ஊரில் எத்தனை கதவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கணக்கு எழுதுகிறவர், டீச்சர், நர்ஸ், மெடிக்கல் ரெப் போன்றவர்களுக்கு மதுரை, திருச்சி, சேலத்திலேயே கதவு நிறைய. அவர்கள் ஐயாயிரம், பத்தாயிரம் அதிகத்துக்காகக் கிளம்பினால் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐ.டி. ஆட்கள் நடுவே நிற்கிறார்கள். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று சின்ன டைடல் பூங்காக்கள் 2024-ல் வரிசையாகத் திறந்தன, மதுரையிலும் வடபழஞ்சி, இலந்தைக்குளத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் தரமணியில் 2000-லிருந்து நிற்கிற டைடல் பார்க்கையும் அந்தப் பழைய மகாபலிபுரம் சாலை முழுவதையும் இவை ஈடுசெய்ய இன்னும் காலம் ஆகும்.

ஊரில் இருப்பதற்கான பக்கத்தை மெலிதாகக் காட்டிவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்காகச் சென்னை என்று சிலர் சொல்வார்கள். ராஜாஜி ஆஸ்பத்திரியும், 1976-லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிற மதுரைக்காரன் அதைச் சொல்லக் கூடாது. படிக்கிற பிள்ளைகளுக்கு 2023-லிருந்து நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் இருக்கிறது. திருநகர் வீட்டில் நாலு மணிக்குப் பள்ளி வேன் வந்தால் சித்தி வாசலில் நிற்பாள். இந்த ஒரு வரியின் மதிப்பு சென்னையில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். டேகேர் என்று போர்டு மாட்டிய ஒரு வீட்டில் மாதம் ஐயாயிரம் கொடுத்தோம். ஆறு மணிக்கு மேல் பத்து நிமிஷம் தாமதமானால் அந்தம்மா பிள்ளையைச் செருப்போடு கேட்டுக்கு வெளியே ரெடியாக நிறுத்தியிருப்பார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் குடும்பம் உண்டு. ஊரில் காசு கொடுக்காமல் கிடைப்பது எதுவோ அதை நகரத்தில் மணிக்கணக்கில் வாங்க வேண்டும். காய்ச்சல் என்றால் கஞ்சி, மழை என்றால் மாடியில் காயும் துணி, வெளியூர் போனால் வீட்டுச் சாவி. இதையெல்லாம் ஆஃபர் லெட்டரோடு வைத்துக் கூட்டிக் கழிக்கிறவர்கள் குறைவு.

ஆனால் அதே வாசலில் நிற்கிற சித்தியைப் பற்றி இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னது தம்பியின் மனைவி. போனை அவள் வாங்கி, சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "அங்க போனா ஒரு நாளாச்சும் நான் பாட்டுக்கு எங்கயாவது போயிட்டு வரலாம்ல அத்தான்" என்றாள். சித்தி கெட்டவள் இல்லை. தெருவே சொந்தம், அதுதான் விஷயம். எந்தச் சேலை, எத்தனை மணிக்கு, யார் வண்டியில் என்று எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு. என் மனைவி சென்னையில் இருந்த வருஷங்களில் தனியாக டிரைவிங் கற்றாள், ஞாயிற்றுக்கிழமை சமைக்காமல் இருந்தாள், யாரும் ஊருக்குச் செய்தி அனுப்பவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, என்ன ஆட்கள் என்று முதல் வாக்கியத்திலேயே கேட்கப்படுகிறவர்களுக்கு, அந்தக் கேள்வி இல்லாத பஸ் ஸ்டாப் ஒன்றே ஊர் மாறப் போதுமான காரணம். அதை ஆண்கள் நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

முழுக்கக் கேள்வி இல்லாத ஊர் என்றும் நினைத்துவிட வேண்டாம். வீடு பார்க்கப் போகும்போது "வெஜிடேரியனா?" என்று கேட்பார்கள். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கும். என் கூட வேலை பார்த்த ஒரு முஸ்லிம் நண்பருக்கு, போனில் காலியாக இருந்த மூன்று வீடுகள், பெயரைச் சொன்னதும் நிரம்பிவிட்டன.

வாடகை வீட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை வழக்கம் பத்து மாத அட்வான்ஸ். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த "ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்குப் பேசிக் குறைக்க முடிகிறது. பேசுங்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. கரண்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்று கேளுங்கள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு ஓனர் வைத்ததுதான் ரேட். எங்கள் முதல் ஓனர் காலி செய்கிற அன்று பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, கூடவே ஒரு பிளாஸ்க்கில் காபியும் கொடுத்து அனுப்பினார். இன்றுவரை அவரைத் திட்டவும் முடியவில்லை.

தண்ணீர். மடிப்பாக்கத்தில் ஒரே தெருவில் நாலு வருஷ இடைவெளியில் படகையும் பார்த்தேன், குடத்தோடு நின்ற வரிசையையும் பார்த்தேன். 2015 டிசம்பரில் வெள்ளம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரி வருகிற சத்தத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஓடிய பழக்கம், ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் வரை எனக்குப் போகவில்லை. தெருவில் எந்த லாரி போனாலும் கண் திறந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் மறுபடி மூழ்கியது. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றின் வழி. அங்கே வாடகை ஏன் குறைவு என்று புரோக்கர் சொல்ல மாட்டார். மதுரையிலும் 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, அதனால் நாங்கள் ரொம்பப் பெருமைப்பட முடியாது. ஆனால் சொந்த ஊரில் எந்தத் தெரு பள்ளம் என்று சின்ன வயசிலிருந்தே தெரியும். புது ஊரில் அது தெரியாமல்தான் அட்வான்ஸ் கொடுக்கிறோம்.

மூன்றாவது வழி, தான் மட்டும் போய் ரூம் எடுத்துத் தங்குவது. கணக்குப்படி பார்த்தால் இதுதான் ஜெயிக்கிறது. அவன் 51,000, மனைவியின் 13,000, மொத்தம் 64,000. ஷேரிங் ரூமும் மெஸ்ஸும் 11,000, மாதம் ரெண்டு தடவை ஊருக்கு வந்து போக 3,000. மிச்சம் 50,000, அதில் அவன் சாப்பாடும் முடிந்துவிட்டது. வெள்ளி இரவு தாம்பரத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது மதுரை. முன்பதிவு இப்போது அறுபது நாளைக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த கொஞ்ச நேரத்தில் பண்டிகை டிக்கெட் காணாமல் போகும். கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்தில் பஸ். 2023 கடைசியில் பஸ் நிலையம் அங்கே போனபோது நகரத்துக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். தாம்பரத்துக்காரனுக்கு அது வீட்டுப் பக்கம்.

நானும் 14 மாதம் அப்படி இருந்தேன். முதல் ஆறு மாதம் நன்றாகவே போயிற்று. பணம் சேர்ந்தது, வேலை பிடித்தது, சனிக்கிழமை வீட்டில் ராஜ மரியாதை. பத்தாவது மாதமோ என்னவோ, ஒரு நாள் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யலாம் என்று போனை எடுத்தேன், என் நம்பரிலிருந்து போகவில்லை. மனைவி எப்போதோ தன் நம்பருக்கு மாற்றியிருக்கிறாள். சண்டையில்லை, கோபமில்லை, சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அடுத்த மே மாதம் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது இது. வேலையை ஏற்றுக்கொள். இப்போது நீ மட்டும் போ. மனைவி வேலையை விட வேண்டாம், பிள்ளை யு.கே.ஜி.யை மதுரையிலேயே முடிக்கட்டும். ஆறு மாதத்தில் அந்தக் கம்பெனியின் லட்சணம் தெரிந்துவிடும், பிடிக்கவில்லையென்றால் ஒரு பெட்டியோடு திரும்பி வரலாம். பிடித்திருந்தால் மே மாதம் எல்லாரும் சேலையூர்ப் பக்கம், ஒண்ணாம் வகுப்பு அங்கே. ஆனால் மே தாண்டினால் இந்த ஏற்பாட்டை நீட்டாதே. கணக்கு லாபமாக இருக்கிறது என்பதற்காகவே பத்து வருஷம் இப்படி ஓட்டிவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும். சித்தியைக் கூட்டிப் போகலாமா என்பதைச் சித்தியிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்டேன். "நாங்க ரெண்டு வேளை பேசுறதுக்கு அங்க யாரு இருக்கா?" என்றாள். அவளுக்குத் திருநகர்தான் சரி, மாடியை வாடகைக்கு விட்டால் துணைக்கும் ஆச்சு.

எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். போன ஞாயிறு நல்ல மழையில் வீடு பார்க்கப் போயிருக்கிறான், ஆறு மாதம் கழித்துத் தேவைப்படும் வீட்டை இப்போதே. கேட்டால், மழையில் பார்த்தால்தானே தெரியும் என்கிறான், அது என் வாக்கியம்தான். முடிச்சூரில் ஒரு வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டான். ஓனர், தண்ணீர் வந்ததே இல்லை என்கிறாராம். எதிரில் மளிகைக் கடை இருந்தால் அங்கே போய் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு 2015-ஐப் பற்றிக் கேள் என்றேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போன்.

"அண்ணே, கடைக்காரர் இடுப்புக்கு மேல கையை வைச்சுக் காட்டுறார்."

"அப்ப கிளம்பு."

"வாடகை ரெண்டாயிரம் கம்மிண்ணே..." என்று இழுத்தான்.